காரணம் என்ற கட்டம்

மாடிப்படிக்குக் கீழே என் அறை.
நிமிர்ந்தால் தலை இடிக்கும்.
ஜெராக்ஸ் மெஷின், நான், ஒரு ஸ்டூல்.
ஜூலை மாதத்து பெங்களூர்த் தூறலில்
கட்டுப் பிரித்த தாள் அப்பளம்போல் நமுத்துவிடும்;
இரண்டிரண்டாய் ஒட்டிக்கொண்டு
மெஷினின் தொண்டையில் சிக்கும்.
கதவைத் திறந்து, கைவிட்டு,
கசங்கியதை உருவி எடுப்பேன்.
பதினோரு வருடமாய் இதுதான் உத்தியோகம்,
லிங்கராஜபுரத்தில், இந்தப் பள்ளிக்கூடத்தில்.

இந்த வருடம் காகிதத்தைக் குறைக்கப் போகிறார்களாம்.
நல்லதுதான். வீண் எவ்வளவு என்று
என்னைவிட யாருக்குத் தெரியும்?
புதன் என்பதற்கு வியாழன் என்று விழுந்த ஒரே பிழைக்காக
எண்ணூறு சுற்றறிக்கை மறுபடி அச்சாகி,
முதல் எண்ணூறும்
பழைய பேப்பர் ஃபயாஸின் தராசில் ஏறியதைப்
பார்த்தவள் நான்.

குழு போட்டார்கள். வத்சலா மேடம் தலைவர்.
அறிக்கை நாற்பத்திரண்டு பக்கம்,
அட்டையில் ஒரு மரம்.
"பத்தொன்பது காப்பி, கிருபா.
ஒரு பக்கம் மட்டும் போடு,
பார்க்க கம்பீரமாய் இருக்கும்."
தலையாட்டினேன்.
மேடத்தின் செருப்புச் சத்தம்
என் உச்சந்தலைக்கு மேல் படியேறித் தேய்ந்ததும்
'இருபுறமும்' பொத்தானை அழுத்தினேன்.

நாற்பத்திரண்டைப் பத்தொன்பதால் பெருக்குங்கள்.
அதில் பாதி மிச்சம்:
முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது தாள்.
எண்ணினேன், இரண்டு தடவை, எச்சில் தொடாமல்.

கூட்டம் முடிந்து அறிக்கைகள் என்னிடமே திரும்பின.
ஒன்றின் மேல் டீக்கோப்பையின் வட்டம்.
மற்றதெல்லாம் கடையில் வாங்கிய மடிப்போடு
அப்படியே இருக்கும் வேட்டி மாதிரி.
ஒன்றாம் பக்கத்துக்கு அடுத்து
ஏன் மூன்றாம் பக்கம் என்று ஒருவரும் கேட்கவில்லை.
ஒருவரும் தாளைத் திருப்பவில்லை.

திங்கட்கிழமை விதி வந்தது.
வகுப்புக்கு மாதம் இருநூறு தாள்.
மேலே போனால் பதிவேட்டில் எழுத வேண்டும்.
கெட்டி அட்டை போட்ட புதுப் பதிவேடு:
தேதி, வகுப்பு, எண்ணிக்கை, காரணம், கையொப்பம்.

நாலாம் வகுப்பு 'பி'யில் ஜோவின் இருக்கிறான்.
அவன் கண்ணுக்கு
எழுத்து கட்டைவிரல் பெரிது வேண்டும்.
மற்றவர்களுக்கு ஒரே தாளில் அடங்கும் கேள்விகள்
அவனுக்குப் பதினொரு தாள்.
கணக்கு நடத்தும் புட்டராஜு சார்
என் வாசலில் குனிந்து நின்றார்.
"கோட்டா முடிஞ்சுபோச்சு.
டேப்லெட்டில் பெரிசாக்கிப் பார்க்கட்டும் என்கிறார்கள்.
அந்த வெளிச்சத்தில் பத்து நிமிஷம்,
பையனுக்குக் கண்ணில் தண்ணி கொட்டுது."
பேனாவைத் திறந்தார். மூடினார்.
காரணம் என்ற கட்டத்தில்
அவன் பெயரை எழுத அவருக்குக் கை வரவில்லை.
வீண்செலவுக் கணக்கில்
ஒரு பையனை எப்படிச் சேர்ப்பது?

அலமாரியைத் திறந்தேன்.
ஒரு தேர்வு, ஆறு பாடம், அறுபத்தாறு தாள்.
வருடத்துக்கு மூன்று தேர்வு.
இரண்டு வருடத்துக்குத் தாங்கும், மீதி மூன்று.
சார் எங்கேயிருந்து என்று கேட்கவில்லை.
கணக்கு வாத்தியார் அல்லவா,
கேட்காமலே போட்டுப் பார்த்திருப்பார்.

தேர்வன்று ஜோவினே வந்தான் வாங்கிப்போக.
மெஷினிலிருந்து அப்போதுதான் வந்த சூடு;
கேள்விகளைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றான்.
"அக்கா, ஒண்ணுமே எழுதாத தாள் ஒண்ணு."
"எதுக்குடா?"
"ராக்கெட்."

மீதி இரண்டு.

இதையாவது ஒழுங்காய்ச் செய்வோம் என்று
பதிவேட்டை எடுத்தேன்.
வகுப்பு: நாலு பி. எண்ணிக்கை: ஒன்று.
காரணம்: ராக்கெட்.
கையொப்பம் போட்டேன்,
தேவகிருபை என்று முழுப் பெயரும் தெரிய.
மாதக் கடைசியில் யாராவது
அந்தப் பக்கத்தைத் திருப்பினால்
அப்போது பார்த்துக்கொள்ளலாம்.